உயிர் தங்கிய குழி

குட்டிமா,

இன்று காலை கம்பெனி கேன்டீனில் முட்டைக்கோஸ் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டுவிட்டது. பெரிய காயம் இல்லை. ஆனாலும் சூப்பர்வைசர் விடவில்லை, ஊசி போட்டே ஆக வேண்டும் என்று ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்கு அனுப்பிவிட்டார். நர்ஸ் பெண் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் கையில் தேய்த்தாள். அவ்வளவுதான். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், நீ ஷிஃப்ட் முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றுவது போல இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இன்னும் ஊசியே போடவில்லை, அதற்குள் அழுகிறீர்களே அக்கா என்றாள் அந்தப் பெண். எனக்கு ஊசி என்றால் பயம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன் கையில் எப்போதும் அந்த வாசனைதான். சோப்புப் போட்டுக் குளித்தாலும் போகாது. தலையில் மல்லி வைத்துக்கொண்டு நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலும், மல்லிக்கு அடியில் ஸ்பிரிட் இருக்கும். கல்யாணத்துக்குப் போனால்கூட உன்னைப் பார்த்து, "ஆஸ்பத்திரி வந்துடுச்சு" என்று நம் சனங்கள் கிண்டல் செய்வார்கள்.

வல்லம் வடகால் லேபில் உனக்கு வேலை கிடைத்த அன்று அம்மா கேட்டது ஞாபகம் இருக்கிறதா? இன்னா வேலைடி என்றாள். வைரஸ் வளர்க்கிற வேலை என்றாய் நீ, சாம்பாரில் இட்லியை முக்கிக்கொண்டே. அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஊர்ல ஆடு வளக்குறாங்க, கோழி வளக்குறாங்க. நீ போயும் போயும் நோவ வளக்கப் போறியா?"

"வளத்தாத்தான்மா அது யாருன்னு தெரியும்" என்றாய்.

அம்மாவுக்கு அது பிடிபடவில்லை. எனக்கும்தான். எட்டாவதோடு நின்றவள் நான். அதனால் நீ எனக்குத் தனியாகச் சொன்னாய், மாடியில் துணி காயப்போடும்போது. நம் தெருவில் வீட்டுக்கு வீடு மேலே ரூம் கட்டிக் கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்களே, அதைக் காட்டித்தான் சொன்னாய். வைரஸ் என்பது வீடில்லாதவன். தெருவில் கிடந்தால் அவனால் சமைக்க முடியாது, சாப்பிட முடியாது, பிள்ளை பெற முடியாது. உயிருள்ள ஒரு செல்லுக்குள் நுழைந்தால்தான் அவனுக்குப் பிழைப்பு.

"உள்ள வந்தான்னா வூட்டுக்காரனையே வேல வாங்குவான்க்கா. அவன் அடுப்புலயே ஆக்கி, ஆளுங்கள ரொப்பிகினு, கடைசில வூட்டையே இடிச்சிட்டு அடுத்த வூட்டுக்குப் போயிடுவான்."

அதனால்தான் வைரஸை வளர்க்க வேண்டுமென்றால் முதலில் செல்லை வளர்க்க வேண்டும் என்றாய். வாடகைக்கு வருகிறவனைப் பிடிக்க வீடு கட்டி வைக்கிற மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று ராத்திரி முழுக்க அந்த வீடுகளையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் உடம்புக்குள்ளும் அத்தனை வீடு இருக்கிறது, ஒன்றின் கதவைக்கூட நான் பூட்டியதில்லை என்று தோன்றியது.

போன ஆயுத பூஜைக்கு வீட்டு ஆட்களைக் கூட்டிவரலாம் என்று உங்கள் லேபில் சொன்னார்கள். நீ எங்கள் இரண்டு பேரையும் கூட்டிப்போனாய். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். பக்கத்துக் கம்பெனிகளில் எல்லாம் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, வாசலில் பூசணிக்காய். உங்கள் இடத்திலும் ரிசப்ஷனில் பொரி, சுண்டல் எல்லாம் இருந்தது. ஆனால் செல் வளர்க்கிற ரூமுக்கு மட்டும் பூஜை கிடையாது. வெளிக்கதவில் ஒரு குங்குமப் பொட்டு, அதோடு சரி.

சாமி காரியத்தில் இது என்ன ஓரவஞ்சனை என்று அம்மா முணுமுணுத்தாள். அப்போதுதான் நீ அதற்கு முந்தின வருஷத்துக் கதையைச் சொன்னாய். ஹவுஸ்கீப்பிங்கில் புதிதாகச் சேர்ந்த ஒரு அம்மா, எல்லா மெஷினுக்கும் பூ வைத்தவள், செல்கள் இருக்கிற சூட்டுப் பெட்டிக்கு மட்டும் வைக்காமல் விட்டால் பாவம் என்று நினைத்து, கதவைத் திறந்து உள்தட்டில் இரண்டு சாமந்தியை வைத்துக் கும்பிட்டுவிட்டாள். அடுத்த சில நாளில் பாட்டில் பாட்டிலாகப் பூஞ்சை. பஞ்சு பறந்த மாதிரி வெள்ளையாக மிதந்ததாம். அத்தனையையும் அவித்துக் கொட்டினீர்கள். அந்த அம்மாவை வேலையை விட்டுத் தூக்கப் பார்த்தார்கள். நீயும் உன்கூட வேலை செய்கிற ஸ்டெல்லாவும்தான் லேபின் பெரிய மேடத்திடம் போய்ப் பேசி நிறுத்தினீர்கள். சாமந்தி என்ன செய்யும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை என்பதுதான் உங்கள் வாதம்.

அந்த ரூமுக்குள் எங்களை விடவில்லை. கண்ணாடி வழியாகத்தான் பார்த்தோம். நீ மட்டும் ஒரு பாட்டிலை வெளியே எடுத்துவந்து, நோய் கலக்காத சுத்தமான செல் இது, பயப்படாதே என்று சொல்லி, மைக்ராஸ்கோப்பில் வைத்தாய். தட்டையான சின்னப் பாட்டில். உள்ளே ரோஸ் கலரில் தண்ணீர். அதுதான் சாப்பாடு, அது மஞ்சளாக மாறினால் பசிக்கிறது என்று அர்த்தம் என்றாய். வெறும் கண்ணுக்கு அதில் ஒன்றுமே இல்லை. நான் குனிந்து பார்த்தேன்.

அதை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. கல் பாவிய தரை மாதிரி, இடுக்கு இல்லாமல், ஒன்றோடு ஒன்று தோள் ஒட்டிக்கொண்டு அத்தனை செல். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு பொட்டு. அசையவில்லை. ஆனால் தூங்குகிற குழந்தையைப் பார்த்தால் உயிர் இருக்கிறது என்று தெரியுமே, அப்படித் தெரிந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன், என் மூச்சுப் பட்டால் அது எழுந்துவிடும் என்கிற மாதிரி.

அம்மா பார்த்துவிட்டு, இது யாருடையது என்று கேட்டாள். குரங்கின் கிட்னியிலிருந்து எடுத்தது என்றாய். எந்தக் குரங்கு? எப்போதோ ஏதோ தேசத்தில் இருந்த குரங்கு, அது செத்து வெகு காலம் ஆகிறது, அக்காவும் நானும் பிறப்பதற்கு முன்னாலேயே என்றாய்.

"அது செத்துப் போச்சு. இது உயிரோட கீதா?"

"கீதும்மா. நேரத்துக்குச் சோறு போட்டு, எடம் பத்தலனா பிரிச்சு வேற வூட்டுல வச்சா, இருந்துகினே இருக்கும்."

அம்மா இன்னொரு தடவை குனிந்து பார்த்தாள். பிறகு அந்தப் பாட்டிலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, ஆஞ்சநேயா என்றாள். ஸ்டெல்லா சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். நீ சிரிக்கவில்லை. அம்மாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றாய். நானும் தினமும் உள்ளே போகும்போது அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன் என்று மெதுவாகச் சொன்னாய். அது எனக்கு மட்டும்தான் கேட்டது.

இந்த ஆடி முடிகிற சமயத்தில்தான் வீட்டில் சளி வந்தது. முதலில் அம்மாவுக்கு. தும்மல், தொண்டை வலி, கொஞ்சம் காய்ச்சல். நீதான் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினாய். அவள் போதும் என்று வைத்த மிச்சத்தை, கொட்டுவானேன் என்று நீயே குடித்தாய். பிறகு எனக்குத் தொண்டை கட்டியது. பிறகு உனக்கு. எங்களுக்கு வந்த மாதிரியே போய்விட்டது. உனக்கும் போய்விட்டது என்றுதான் நினைத்தோம். கம்பெனி பஸ் ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்றாய். சளி இன்னும் விடவில்லை போல என்றேன். ஒரு நாள் சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாய். "நெஞ்சு மேல யாரோ கல்லு வச்ச மாதிரி கீதுக்கா."

ஆஸ்பத்திரியில், இதயத்தின் சதை வீங்கியிருக்கிறது, வைரஸ் வேலை என்றார்கள். எந்த வைரஸ் என்று தெரிந்துகொள்ளத் தொண்டையிலிருந்தும் மலத்திலிருந்தும் எடுத்து அனுப்பினார்கள். பதில் வருவதற்குள் நீ போய்விட்டாய்.

உன்னை எடுக்கிற வரைக்கும் அம்மா அழவே இல்லை. எடுக்கும்போதுதான் வாயைத் திறந்தாள். "வளத்தது வளத்தவளையே தின்னுட்ச்சே." அப்புறம் என்னைப் பார்த்தாள். படிக்க வைக்கணும்னு நின்றதும் நீதான், அந்த வேலைக்குப் போகச் சொன்னதும் நீதான் என்றாள். அது உண்மைதான், குட்டிமா. கேன்டீனில் சோறு வடித்து உன்னைக் காலேஜுக்கு அனுப்பியது எனக்குப் பெருமை. அந்தப் பெருமைதான் உன்னைக் கொன்றதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்கப்புறம் அம்மா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு வைத்தால் சாப்பிடுவாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள்.

காரியம் முடிந்ததும் உங்கள் பெரிய மேடம் ஸ்டெல்லாவோடு வீட்டுக்கு வந்தார். சேர் போட்டும் உட்காரவில்லை. மெஷின் டெஸ்டில் அந்த வைரஸ் எந்தக் குடும்பம் என்று தெரிந்துவிட்டது, சொந்தப் பேர் மட்டும் இன்னும் தெரியவில்லை என்றார். அதே குடும்பத்தைச் சேர்ந்த சிலதை எங்கள் லேபிலும் வைத்திருக்கிறோம், அதனால் உங்களுக்கு வருகிற சந்தேகம் எங்களுக்கும் இருக்கிறது என்றார். செல்லில் வளர்த்துப் பார்த்தால் பேர் தெரியும். நாங்கள் மட்டும் பார்த்தால் சரியாகாது, வெளி லேப் ஒன்றிலும் தனியாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம் என்றார்.

"எங்ககிட்டேருந்து வந்திருந்தா, அதையும் மறைக்காம சொல்லிடுவோம்மா."

அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான்தான் கேட்டேன், நான் வந்து பார்க்கலாமா என்று. மேடம் கொஞ்சம் யோசித்தார். உள்ளே விட முடியாது, வெளியே டிவி மாதிரி திரையில் காட்டுகிறோம், வாங்க என்றார்.

உன் தொண்டையில் எடுத்ததை, நீ சோறு போட்டு வளர்த்த செல்லின் மேல்தான் ஊற்றினார்கள். ஸ்டெல்லா சொன்னாள். நீ கடைசியாகப் பிரித்து வைத்துவிட்டுப் போன பாட்டில்களிலிருந்து வந்த செல்லாம். ஸ்டெல்லா தினமும் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து வந்து, பையைக்கூட வைக்காமல் முதலில் அதைத்தான் போய்ப் பார்ப்பாளாம். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு நாள் எனக்குப் போன் செய்தாள். "ஆரம்பிச்சிடுச்சுக்கா."

நான் பர்மிஷன் போட்டுக்கொண்டு போனேன். திரையில் இரண்டு படம் காட்டினாள். ஒன்று வைரஸ் போடாத செல். ஆயுத பூஜைக்கு நான் பார்த்த அதே கல் பாவிய தரை. இன்னொன்று உன்னுடையது. தரை பெயர்ந்து கிடந்தது. செல்லெல்லாம் தோளை விட்டுவிட்டு, சுருங்கி, உருண்டையாகி, திட்டுத் திட்டாகக் கழன்று மிதந்தன. நடுவில் வெறும் ஓட்டை. வைரஸ் எங்கே என்று கேட்டேன். அதைப் பார்க்க முடியாதுக்கா, அவ்வளவு சின்னது, அது செய்கிற வேலையைத்தான் பார்க்க முடியும் என்றாள்.

நான் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் நெஞ்சுக்குள் நடந்ததும் இதுதான். டாக்டர் யாரும் திறந்து காட்டவில்லை, ஒரு குரங்கின் செல் காட்டியது. கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பெரிய மழை வருவதற்கு முன்னால் வெளியில் வந்து நின்றால் உடம்பு சிலிர்க்குமே, அப்படி இருந்தது. நீ போய்விட்டாய், உன்னைக் கொண்டுபோனது இங்கே உயிரோடு, இத்தனூண்டு பாட்டிலில், எனக்கு ஒரு கை தூரத்தில்.

பேர் கண்டுபிடிக்கிற விதத்தை ஸ்டெல்லா சொன்னபோது, இன்னொரு தடவை சொல்லு என்று கேட்டேன். நீ அதை எனக்குச் சொன்னதே இல்லை. குழிப்பணியாரச் சட்டி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஆனால் பொம்மைக்குப் பணியாரம் சுடுகிற அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகள். எல்லாக் குழியிலும் செல். எல்லாக் குழியிலும் உன்னிடமிருந்து வந்த வைரஸ், ஒரே அளவு. அதோடு ஒவ்வொரு குழியிலும் வேறு வேறு காவல். ஆன்டிபாடி என்று சொன்னாள். நம் கம்பெனி கேட் வாட்ச்மேன் மாதிரிதான், ஆனால் ஒவ்வொரு வாட்ச்மேனுக்கும் ஒரே ஒருத்தனுடைய முகம் மட்டும்தான் தெரியும். வந்தவன் அவனாக இருந்தால் மடக்கிவிடுவான். வேறு ஆளாக இருந்தால் சும்மா நின்றுகொண்டிருப்பான், உள்ளே வீடு இடிந்துவிடும்.

"அப்ப எந்தக் குழியில செல்லு சாவாம நிக்குதோ?"

"அந்தக் குழியோட வாட்ச்மேனுக்குத் தெரிஞ்சவன்தான்க்கா வந்தவன்" என்றாள் ஸ்டெல்லா.

செத்ததை வைத்து இல்லை, பிழைத்ததை வைத்துப் பேர் கண்டுபிடிக்கிறார்கள். யார் யோசித்தார்கள் இதை? நான் பஸ்ஸில் வரும்போதெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

முடிவு தெரிகிற அன்று மேடமும் வந்து நின்றார். ஸ்டெல்லா உள்ளே ஒவ்வொரு குழியாக நகர்த்த நகர்த்த வெளியே திரையில் வந்தது. லேபில் வைத்திருக்கிற வைரஸ்களுக்கான காவல் போட்ட குழிகள் முதலில். எல்லாம் இடிந்து கிடந்தன. ஒவ்வொன்று இடிந்து தெரியும்போதும் மேடத்தின் மூச்சு கொஞ்சம் இறங்கியது எனக்குக் கேட்டது. அடுத்தடுத்த குழியும் இடிபாடு. அப்புறம் ஒரு குழி வந்தது. தரை முழுசாக இருந்தது. தோளோடு தோள், நடுவில் பொட்டு, ஒன்றுகூடக் கழலவில்லை. சுற்றிலும் அத்தனை சாவு, இது மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி நின்றது. கோயிலில் திரை விலகும்போது கை தானாகக் குவியுமே, என் கை அப்படிக் குவிந்துவிட்டது.

அது லேப் வைரஸ் இல்லை. வெளி லேபிலும் அதே பதில் வந்தது. காக்ஸாக்கியில் ஒரு வகையாம். அது ஏதோ ஒரு ஊரின் பேராம், அங்கேதான் முதலில் கண்டுபிடித்தார்களாம், நம் பக்கத்து மண்ணூர் மாதிரி ஒரு சின்ன ஊராக இருக்கும். ஊரில் எல்லோருக்கும் சளி மாதிரி வந்துவிட்டுப் போகிறதுதான், யாரோ ஒருத்தருக்குத்தான் நெஞ்சுக்குள் போகிறது என்றார் மேடம். ஏன் அவளுக்கு என்று கேட்டேன். அதைச் செல்லில் பார்க்க முடியாதம்மா என்றார். ஸ்டெல்லா வெளியே வந்து கிளவுஸைக் கழற்றிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் மேல் உன் வாசனை.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். லேபிலிருந்து வரவில்லை, வெளியில் சாதாரணமாக வருகிற சளிக் கிருமிதான், பேர்கூடத் தெரிந்துவிட்டது என்றேன். இனி என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பேச்சை நிறுத்தின பிறகு அன்றுதான் என்னிடம் வாய் திறந்தாள்.

"அந்தச் சளி வூட்டுல மொதல்ல யாருக்குடி வந்துச்சு?"

அவளுக்கே தெரியும். கஞ்சிக் கிண்ணம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

மறுநாள் ஸ்டெல்லாவிடம் போனில் கேட்டேன், இப்போது அம்மாவைப் பார்த்தால் தெரியுமா என்று. சளி போய்விட்டது, வைரஸ் கிடைக்காது என்றாள். ஆனால் அது வந்துபோன உடம்பில் காவல் இருக்கும். அம்மா ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து, அந்த வைரஸோடு கலந்து செல்லில் போட்டால், காவல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருந்தால் செல் சாகாது. இருந்தாலும் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று அது சொல்லாதுக்கா, ஊரில் பாதிப் பேர் ரத்தத்தில் இருக்கலாம், உங்களுடையதிலும் இருக்கலாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

எனக்கு அதெல்லாம் காதில் விழுந்தது. ஆனால் மனசில் நின்றது ஒன்றுதான். அம்மாவின் ரத்தம் ஒரு சொட்டு போதும், நீ வளர்த்த செல் பிழைத்துவிடும். உன்னைக் காப்பாற்ற வராத காவல் அவள் உடம்பில் நின்றுகொண்டிருக்கிறது. செத்துப்போன குரங்கின் செல்லை அவளால் காப்பாற்ற முடியும். இதை நினைத்தால் எனக்கு அழுகை வருவதில்லை குட்டிமா, தலை சுற்றுகிறது. வெங்காயம் உரிக்கும்போதும், அண்டாவைக் கழுவும்போதும், கண்ணுக்குள் அந்த முழுசாக நின்ற தரைதான். நீ தினமும் இத்தனை பெரிய இடத்துக்குப் போய்விட்டு வந்துதான், ரசத்தில் உப்புக் குறைச்சல் என்று என்னோடு சண்டை போட்டாயா?

நான் போனில் பேசியதை அம்மா கேட்டுவிட்டாள். நேற்று சாயங்காலம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜாக்கெட் கையை மேலே ஏற்றிவிட்டு, முழங்கையைத் திருப்பிக் காட்டினாள்.

"எடுத்துகினு போய்ப் பாக்கச் சொல்லு. நான் குடுத்ததா இருந்தா எனக்குத் தெரியணும்."

அது அப்படிச் சொல்லாது என்று ஸ்டெல்லா சொன்னதை நானும் சொன்னேன். அம்மா கேட்கவில்லை. செல் செத்தால், தன்னிடமிருந்து வரவில்லை என்று நம்புவாள், கொஞ்சம் தூங்குவாள். பிழைத்தால், அந்தப் பிழைத்த செல்லே அவளைத் தின்றுவிடும். நான் அழைத்துப்போகாவிட்டால், ஆமாம் நீதான் என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடும். நாளைக் காலையில் கிளம்ப வேண்டும் என்று இப்போதே புடவை எடுத்து வைத்திருக்கிறாள். ஆயுத பூஜைக்குக் கட்டிய அதே பட்டுப்புடவை.

உன் இடத்தைப் பற்றி உனக்குத்தான் தெரியும். வளர்த்தால்தான் யாரென்று தெரியும் என்று அன்றைக்குச் சொன்னாயே, தெரிந்துகொள்ளாமல் விட வேண்டியது ஏதாவது உண்டா என்று நான் உன்னைக் கேட்காமல் போய்விட்டேன். இப்போது கேட்கிறேன். நாளைக்கு நான் அம்மாவை வல்லம் வடகாலுக்குக் கூட்டிக்கொண்டு போகட்டுமா, குட்டிமா?